பாதிக் காசுக்கு ரசீது கிடையாது

சென்ற வாரம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். "சார், நல்ல சேதி. வீட்டு வரிய இனிமே பாதி பாதியாக் கட்டலாம். அம்பது ரூவா கொண்டாந்தாலும் வாங்கிட்டு ரசீது குடுத்திரலாம். நம்ம சங்க மலருக்குப் பழைய வசூல் அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. சிரிப்பா இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

இதற்குப் புதிதாகச் சட்டம் ஏதும் வந்ததா என்று கேட்டேன். இல்லையாம். கம்ப்யூட்டர் திரையில் 'செலுத்தும் தொகை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் முழுத்தொகை தானாக வந்து நிற்கும். நாம் மாற்ற முடியாது. இப்போது அதை மாற்றலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார்களாம். அவ்வளவுதான் சோலி.

போனை வைத்த பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டில் யாரோடும் பேசவில்லை. என் மனைவி, நல்ல சேதிக்கு எதற்கு இப்படி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். நல்ல சேதிதான். வர வேண்டிய நேரத்தில் வராமல் போன நல்ல சேதியைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வராது. கவிதா கேட்ட இரண்டு பக்கத்தில் அடங்காது, சிரிப்பாகவும் இருக்காது. போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

நான் வேலை பார்த்தது போடிநாயக்கனூரிலிருந்து மலையை ஒட்டிப் போனால் வரும் ஒரு சிறிய பேரூராட்சியில். பெயர் வேண்டாம். இருபத்தாறு வயதில் பில் கலெக்டராகச் சேர்ந்து, வரிப் பிரிவு எழுத்தராக ஓய்வு பெற்றேன். சேர்ந்த புதிதில் ஒரு பழைய சைக்கிளும், ஒரு ரசீதுப் புத்தகமும், வார்டு வாரியாகக் கேட்புப் பதிவேடும் கொடுத்தார்கள். கேட்பு என்றால் இந்த வீடு இந்த அரையாண்டுக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு. அந்தப் பதிவேட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு வரி, ஓர் அரையாண்டுக்கு ஒரு கட்டம். அதைத் தாண்டி எனக்கு யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை.

மற்றதை ஊர்தான் கற்றுத்தந்தது. முதல் மாதம் திங்கள் முதல் வெள்ளி வரை தெருத்தெருவாகப் போனேன். மேலத்தெருவில் பாதி வீடு பூட்டு. ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று பயந்தே போனேன். டீக்கடைக்காரர் சிரித்தார். "மலைக்குப் போயிருக்காக சார். சனிக்கிழமை சாயந்தரம் ஜீப்பு வரும், அப்ப வாங்க" என்றார்.

மலை என்று நாங்கள் சொல்வது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம். தேவாரம், ராசிங்காபுரம் பக்கத்து ஆட்களைப் போலவே எங்கள் ஊர் ஆட்களும் அங்கே ஏலத்தோட்டங்களில் வேலை பார்க்கிறார்கள். சிலர் தினமும் விடியலில் ஜீப்பில் ஏறி மாலையில் திரும்புவார்கள். தோட்டம் தூரமாக இருந்தால், வாரம் முழுக்க அங்கே லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயந்தரம் இறங்கி, திங்கள் விடியலில் ஏறிவிடுவார்கள். எங்கள் ஊரில் கதவில் பூட்டு தொங்கினால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. ஆள் கூலிக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கூலி வாரக் கூலி. அதனால் ஊரே வாரக் கணக்கில் ஓடியது. மளிகைக்கடையில் வாரத்துக்கு இவ்வளவு, துணிக்காரருக்கு இவ்வளவு, ஜீப்புக்காரருக்கு இவ்வளவு, மருந்துக்கடைக்கு இவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் யாரையும் ஏமாற்றியதாக நான் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. மொத்தமாகக் கொண்டுவந்தால்தான் வாங்குவேன் என்று சொன்ன ஒரே இடம் எங்கள் அலுவலகம். அந்த அலுவலகமும் சனி, ஞாயிறு பூட்டியிருக்கும். எங்கள் பூட்டுக்கு மட்டும் விடுமுறை என்று அர்த்தம்.

இனி சந்தானம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுத்தரான பிறகு செயல் அலுவலராக வந்தவர். வடக்கே ஏதோ மாவட்டம். எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். மேசையில் சீவிய பென்சில் மூன்று, ஓர் அடி ஸ்கேல், பிளாஸ்கில் வெந்நீர். பதிவேட்டை ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். தப்பு இருந்தால் திட்ட மாட்டார். ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியைப் பார்த்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. துப்புரவுப் பணியாளரைக்கூட 'நீங்க, வாங்க' என்றுதான் கூப்பிடுவார். அடுத்தவர் காசில் ஒரு டீ குடித்ததில்லை. எதைக் கொண்டுபோனாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த விதி?"

அவர் நேர்மையானவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் மட்டும் கை நீட்டுகிறவராக இருந்திருந்தால் பேச்சியம்மாளின் வீடு தப்பித்திருக்கும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். இதை எழுதவே கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

பேச்சியம்மாளுக்கு மேலத்தெருவில் இரண்டு அறை ஓட்டு வீடு. நத்தம் நிலம், பத்திரம் கிடையாது. அந்த மாதிரி வீட்டுக்கு வரி ரசீதுதான் பத்திரம் மாதிரி. பதிவேட்டில் இருந்தது மாமனார் பெயர். அவர் இறப்பதற்கு முன்பு மூத்தவன் தவசிக்குக் கடைவீதி இடத்தையும், இளையவனுக்கு இந்த வீட்டையும் வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். இளையவன்தான் பேச்சியம்மாளின் புருஷன். மூன்று வருடம் சிறுநீரகத்தால் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தான். அந்த மூன்று வருடமும் வரி கட்டவில்லை. அவன் போன பிறகு அவள் மலைக்கு ஏறினாள். மகள் போடியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமை சாயந்தரம் மலையிலிருந்து தாயும் ஹாஸ்டலிலிருந்து மகளும் வந்து சேர்ந்து, ஒரு நாள் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிற இடம் அந்த வீடு. அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

வரியும் தண்ணீர்க் கட்டணமும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் நிலுவை. ஜப்தி நோட்டீசு போயிருந்தது. ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் கவுன்டருக்கு வந்தாள். திங்கட்கிழமை வந்தாள் என்றால் அன்றைய கூலி போச்சு, ஜீப்பும் போச்சு என்று அர்த்தம். கைக்குட்டையில் முடிந்து எழுநூறு ரூபாய் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, இத வரவு வச்சுக்கங்க. மாசாமாசம் இம்புட்டு கொண்டாந்து கட்டிர்றேன்."

"மொத்தமாத்தாம்மா கட்டணும்."

"மொத்தமா எங்கிட்டு இருந்துண்ணே வரும்? வாரக்கூலி கையில இருந்தாக் கரைஞ்சு போகும். அதேன் வெரசா உங்ககிட்டக் குடுத்துரலாம்னு வந்தேன். ரசீது வேணாம், ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் குடுங்க போதும்."

துண்டுச்சீட்டு கொடுத்தால் என் வேலை போய்விடும். அலுவலகப் பணத்தைப் பதிவில்லாமல் வாங்கினால் கையாடல். சந்தானம் சார் அறைக்குப் போனேன்.

"எந்த விதியில பாதி வாங்கச் சொல்லியிருக்கு?" என்றார்.

"விதி தெரியல சார். எழுநூறு ரூவா கொண்டாந்திருக்காங்க. புருஷன் இல்லாதவங்க."

"நோட்டீஸ் போன கணக்கு. பாதி வாங்கினா நடவடிக்கை நின்னுடும். ஆடிட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும்." பென்சிலை எடுத்து நுனியைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "உங்களுக்கு உதவணும்னு இருந்தா, மீதியை நீங்க போட்டுக் கட்டலாம். அதை எந்த விதியும் தடுக்கலை."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் தெரியாது. நான் போடவில்லை. இப்படி வருகிற எல்லோருக்கும் போட முடியுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எல்லோருக்கும் போட வேண்டாம், ஒருத்திக்குப் போட்டிருக்கலாம்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் நிலுவை நின்றது. உரிமையாளர் டைப் அடித்த மனு ஒன்று கொடுத்தார். மன்றக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டு, மூன்று தவணையில் கட்ட அனுமதித்தார்கள். அந்தக் கோப்பை ஒரு பிசகும் இல்லாமல் தயாரித்தவர் இதே சந்தானம் சார். அறைக்கு அறை தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். ஆக, வழி இருந்தது. பேச்சியம்மாளிடம் இல்லாதது ஒரு மனு. வெள்ளைத்தாளில் அதை எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவள் முன்னால் நிற்கும்போது அந்த மண்டபம் என் நினைவுக்கே வரவில்லை. தவணை என்பது பெரிய ஆட்களின் காரியம் என்று என் புத்தியில் ஊறிப்போயிருந்தது. விதியைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அவள் புரட்டாசியில் இன்னொரு முறை ஆயிரத்து இருநூறோடு வந்தாள். அதையும் திருப்பி அனுப்பினேன். போகும்போது, "தீபாவளிக்கு முன்னாடி மொத்தமாக் கொண்டாந்துர்றேன். அதுக்குள்ள கதவுல கை வச்சுராதீக" என்றாள். சரி என்றேன்.

ஐப்பசி முதல் வாரம் தவசி வந்தான். கடைவீதியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவன். சட்டைப் பையில் மூன்று பேனா. அப்பா பெயரில் உள்ள வீட்டு வரி நிலுவை எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். ஐநூறு ரூபாய்த் தாள்களாக எடுத்து வைத்தான். நான் எண்ணிப் பார்த்து ரசீது போட்டேன். நீ யார், அந்த வீட்டில் இருப்பது யார், நீ ஏன் கட்டுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கவுன்டரில் அப்படிக் கேட்கும் வழக்கமே இல்லை. எழுநூறு ரூபாய் கொண்டுவந்தவளிடம் ஆயிரம் கேள்வி. முழுத்தொகை கொண்டுவந்தவனிடம் ஒரு கேள்வி கிடையாது. அண்ணன், தம்பி பெண்டாட்டிக்கு உதவுகிறான் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். நீண்டநாள் நிலுவை ஒன்று தீர்ந்ததற்காகச் சந்தானம் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பத்து நாள் கழித்துத் தவசியின் மனு வந்தது. தகப்பனார் இறந்துவிட்டார், தான் மூத்த வாரிசு, வரி முழுவதும் தானே கட்டியிருக்கிறேன், ரசீது இணைப்பு, வரிவிதிப்பைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி என்னிடம் வந்தது. படித்ததும்தான் அவன் எதற்காகப் பணம் கட்டினான் என்று புரிந்தது. புதன்கிழமை போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடும் பூட்டு. எதிர் வீடும் பூட்டு. 'வீடு பூட்டியுள்ளது' என்று எழுதி வந்து வைத்தேன்.

"யாரும் குடியில்லையா?" என்று கேட்டார் சந்தானம் சார்.

"இருக்காங்க சார். தம்பி சம்சாரம். வேலைக்குப் போயிருக்காங்க. சனிக்கிழமை வருவாங்க."

"எங்கே வேலை?"

"மலையில."

"மலைன்னா?"

"போடிமெட்டுக்கு அந்தாண்ட, ஏலத்தோட்டம்."

"அது கேரளா இல்லையா?"

ஆமாம் என்றேன். அவர் ஸ்கேலை வைத்து, என் அறிக்கைக்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினார்: 'வீடு பூட்டப்பட்டுள்ளது. மற்றொரு வாரிசின் மனைவி வெளிமாநிலத்தில் வசிக்கிறார்.' எழுதிவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"சார், வெளிமாநிலம்னு போட்டா அர்த்தம் மாறிரும். ஜீப்புல போயிட்டு வர்ற தூரம்" என்றேன்.

"நான் எழுதினதுல பொய் எது?"

பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் ஊரில் பாதிப் பேர் வாரத்தில் ஆறு நாள் வெளிமாநிலத்தில்தான் இருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று ஒரு நோட்டீசைப் பூட்டிய கதவில் ஒட்டச் சொன்னார். அதுவும் விதிப்படிதான். நானே போய் ஒட்டினேன். இரண்டு ஞாயிறு இருக்கிறது, அவள் பார்த்துவிடுவாள், ஓடி வருவாள், அப்போதாவது ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மகள் வந்து படித்துச் சொல்வாள் என்றும் நினைத்தேன். அவள் வரவில்லை. மகளும் வரவில்லை. நாள் முடிந்தது, பெயர் மாறியது.

கார்த்திகை தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை கவுன்டரைத் திறந்ததும் முதல் ஆளாக நின்றாள். முகம் கறுத்து, விரல் நுனியெல்லாம் காய் எடுத்து வெடித்திருந்தது. அதே கைக்குட்டை, முடிச்சு மட்டும் பெரிதாக இருந்தது.

"அண்ணே, மொத்தமாக் கொண்டாந்துட்டேன். தீபாவளி தப்பிப் போச்சு, கோவிச்சுக்காதீக. காய் எடுப்பு மும்மரம். ஞாயித்துக்கிழமையும் எடுத்தா கூலி சேத்துத் தாரேன்னு மொதலாளி சொன்னாரு. நாலு ஞாயிறு எறங்கவே இல்ல. புள்ளையவும் ஹாஸ்டல்லயே இருந்துக்கச் சொல்லிட்டேன். எண்ணிப் பாருங்க, சரியா இருக்கும்."

அவள் ஏன் நோட்டீசைப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் மொத்தமாகக் கேட்ட பணத்தைச் சேர்ப்பதற்காக அவள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்திருக்கிறாள். வராமல் இருந்ததைக் காரணமாக வைத்து நாங்கள் வீட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

"பாக்கி இல்லம்மா" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முகம் முழுக்கச் சிரித்தாள்.

"தள்ளுபடி ஆயிருச்சாண்ணே?"

வேலையில் இருந்த வருடங்களில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கிறார். எதுவும் என்னை இந்த அளவுக்கு அடித்ததில்லை. கவுன்டரைவிட்டு வெளியே வந்து, அவளை நடையில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். தவசி கட்டியது, மனு கொடுத்தது, நோட்டீசு ஒட்டியது, எல்லாம். அவள் அழவில்லை. "எம்பணத்த ஏண்ணே வாங்க மாட்டேன்னீக?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு எழுந்து சந்தானம் சார் அறை வாசலில் போய் நின்றாள். அவர் எழுந்து நின்று, "உட்காருங்கம்மா" என்றார். முழுதும் கேட்டார். "மேல்முறையீடு செய்யலாம். இல்லைன்னா சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்" என்றார். அதுவும் சரியான பதில்தான்.

அன்று மாலையே தவசி பூட்டை மாற்றிவிட்டான். சட்டி பானை, மகளின் புத்தகங்கள், கட்டில் எல்லாம் மூன்று நாள் வாசலில் கிடந்தன. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். அவன் ரசீதை எடுத்துக் காட்டினான். என் கையெழுத்துப் போட்ட ரசீது. வக்கீல் ஒருவரைப் பார்த்தாள். அவர் ஃபீசைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாராம். ஆனால் வாய்தாவுக்கு இறங்கிய நாளெல்லாம் கூலி போனதால் இரண்டு வருடத்துக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. சாட்சி சொல்ல வருவீர்களா என்று ஒரு முறை என்னிடம் கேட்டாள். வேலையில் இருக்கிறேன், அனுமதி வாங்க வேண்டும், பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சந்தானம் சார் பதவி உயர்வில் போனார். நானும் முழுப் பென்ஷனோடு ஓய்வு பெற்றேன்.

இப்போது கவிதா நல்ல சேதி என்கிறாள். ஒரு கட்டத்தைத் திறந்துவிட இத்தனை வருடம் எதற்கு? பாதி வாங்கலாம் என்று எந்த விதி சொல்கிறது என்று கேட்டவரிடம், வாங்கக் கூடாது என்று எந்த விதி சொல்கிறது என்று நாங்கள் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அன்றைக்கு எழுநூறு ரூபாயை வாங்கி அவள் கையில் ஒரு ரசீது கொடுத்திருந்தால், வீட்டில் இருப்பது யார் என்பதற்கு அதுவே சாட்சி சொல்லியிருக்கும்.

போன் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை விடியலில் போடியில் ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். பேச்சியம்மாள் மகளைப் போடியில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். சனி, ஞாயிறு எப்போதாவது மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திங்கள் ஏறுவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருந்தாள். தலை நரைத்திருந்தது. லயத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டாளாம். சந்தானம் சார் எழுதியதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து உண்மையாக்கிவிட்டோம்.

"வாங்கண்ணே, பென்சன் ஒழுங்கா வருதா?" என்று கேட்டாள்.

வருகிறது என்றேன். எதற்காக வந்தேனோ அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டு வரியைப் பாதி பாதியாக வாங்கும்படி மாற்றிவிட்டார்கள், எவ்வளவு கொண்டுபோனாலும் ரசீது உண்டு என்று சொன்னேன்.

கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஜீப்பில் பையை வைத்துவிட்டுத் திரும்பி, "நல்லதுண்ணே" என்றாள். "இப்ப நான் எந்த வீட்டுக்குக் கட்டணும்?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அலுவலகத்து ஆள் ஏதோ சொல்ல வந்திருக்கிறான், தான் இன்னும் ஏதாவது கட்ட வேண்டியிருக்கிறதோ என்று உண்மையாகவே கேட்டாள். அவளுக்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று இரண்டாவது முறையாகச் சொன்னேன்.